சிங்கப்பூரின் தொடக்கக் கதைகள்: சுவைக்கவும் வேண்டும், சோதிக்கவும் வேண்டும்

பிரிட்டிஷார் சிங்கப்பூரில் காலூன்றிய முதல் சில ஆண்டுகளில், செத்த எலிக்கும் இங்கு விலை இருந்தது. எலித்தொல்லை தாங்க முடியாமல், எலி ஒன்றைக் கொன்று கொண்டுவருவோருக்கு ஒரு ‘வாங்’ காசு தருவதாக அன்றைய ரெசிடென்ட் வில்லியம் ஃபார்குவார் அறிவித்தார். ஆயிரக்கணக்கான எலிகள் அவரது வீட்டின்முன் வந்து குவிந்தன. இந்தச் செய்தி அரசாங்கக் கோப்பிலிருந்து நம்மை வந்தடையவில்லை. முன்ஷி அப்துல்லா மலாய் மொழியில் எழுதிய ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்ற தன்வரலாற்று நூலே இதைச் சொல்கிறது.

நகரத்தின் இளமைக்காலத்தை இப்படிக் கதை கதையாகச் சொல்லும் பழைய நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. மரபுடைமை உலாக்களில் கேட்கும் பல சுவையான தகவல்களுக்கு அவையே ஊற்றுக்கண். தமிழ் வாசகர்களுக்கு அவற்றில் கூடுதல் அக்கறையும் உண்டு. இங்கு வந்த முதல் தலைமுறைத் தமிழர்களைப் பற்றி அவை எவ்வளவு சொல்கின்றன, எவ்வளவு சொல்லாமல் விடுகின்றன என்பதே அது.

கண்டதும் கேட்டதும்

மலாக்காவில் பிறந்த அப்துல்லா, அரபு, தமிழ் வழிவந்தவர். சிறுவயதிலேயே தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்காவில் வசதிபடைத்தோரின் பிள்ளைகள் வணிகக் கணக்குகளுக்காகத் தமிழ் கற்பது அப்போது வழக்கமாக இருந்தது என்று அவரே குறிப்பிடுகிறார். தமிழ் இவ்வட்டாரத்தில் கணக்கேட்டின் மொழியாகவும் இருந்ததற்கு இது நேரடிச் சான்று.

1843ல் எழுதி முடிக்கப்பட்டு 1849ல் அச்சேறிய அந்நூலில், ஃபார்குவாரின் நாயை ரோச்சோர் ஆற்றில் முதலை பிடித்த கதை வருகிறது. சிங்கப்பூர் ஆற்றின் முகப்பில் யாராலும் படிக்க முடியாத எழுத்துகளுடன் நின்ற பெரும் பாறையைப் பற்றிய குறிப்பும் உண்டு. அப்பாறை 1843ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்து இன்னும் உறுதியாகப் படிக்கப்படவில்லை.

ஆனால், 1819 ஜனவரி இறுதியில் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் கரையிறங்கியபோது அப்துல்லா இங்கு இல்லை. சில மாதங்கள் கழித்தே வந்தார். ஆகவே, எலிகளைப் பற்றிச் சொல்லும் அப்துல்லாவையும் ராஃபிள்ஸ் வந்திறங்கிய நாளைப் பற்றிச் சொல்லும் அப்துல்லாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதலாவது, அவர் வாழ்ந்த ஊரின் செய்தி. இரண்டாவது, பிறர் சொல்லக் கேட்டது.

நாளுக்கு ஒருவர்

ஆங்கிலத்தில் அதிகம் எடுத்தாளப்படும் நூல், சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி 1902ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ‘சிங்கப்பூரின் பழங்கால நிகழ்வுக் கதைகள்’ எனும் பொருள்படும் வரலாறு. வழக்கறிஞரான பக்லி, ‘சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ்’ ஏட்டில் 1884 முதல் வெளிவந்த கட்டுரைகளை விரித்து அதை உருவாக்கினார். 1819ல் தொடங்கி, சிங்கப்பூர் நேரடியாக லண்டன் குடியேற்ற அலுவலகத்தின்கீழ் சென்ற 1867 வரை ஆண்டுவாரியாக நூல் நகர்கிறது. தீவிபத்து, விருந்து, வழக்கு, கப்பல் வருகை என எல்லாமே அதில் உண்டு.

புலிகளும் உண்டு. 1831ல் செய்தித்தாளில் இடம்பிடித்த புலி, பிறகு மிளகு, காம்பியர் தோட்டங்கள் காட்டுக்குள் விரிய விரியப் பெரும் அச்சமாக மாறியது. நாளுக்கு ஒருவர் புலிக்கு இரையானார் என்ற பேச்சு 19ஆம் நூற்றாண்டு நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதிகாரிகளின் கணக்கில் பதிவான மரணங்கள் அதைவிடக் குறைவு. தொழிலாளர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று தோட்ட உரிமையாளர்கள் சாவுகளை மறைத்ததாகவும் அக்காலத்தவர் எழுதியுள்ளனர். ஆக, ‘நாளுக்கு ஒருவர்’ என்பது எண்ணிப் பார்த்த கணக்கு அன்று. ஊரின் அச்சத்துக்கு அது ஓர் அளவுகோல். அப்படி எடுத்துக்கொண்டால் அக்கதைக்கு மதிப்பு உண்டு.

பெயர் உள்ளவரும் இல்லாதவரும்

இந்நூல்களில் பெயர் சொல்லி அறியப்படும் தமிழர்களுள் முதன்மையானவர் நாராயண பிள்ளை. பினாங்கிலிருந்து 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் வந்தவர். செங்கற்சூளை அமைத்தார், துணி வணிகம் செய்தார். கடை தீக்கிரையான பின்னும் மீண்டெழுந்தார். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827ல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழும்பியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

பெயர் இல்லாமல் வருபவர்கள் மிகப் பலர். 1824 ஒப்பந்தப்படி பென்கூலன் டச்சுக்காரர்களிடம் ஒப்படைக்கப்பட்டதால், அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சாலைகளிலிருந்து, இன்றைய இஸ்தானா, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் வரை அவர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களை மேற்பார்வையிட்ட மேஜர் மெக்நேர் 1899ல் எழுதிய நூல், தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சை விவரமாகச் சொல்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய்மட்டை ஊறிய நீர் விட்டுப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றினார்களாம். ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்றே அதற்குப் பெயர். கலவையின் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பதிவாயின. சுவரில் பூசிய கொத்தனார்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பழைய சிங்கப்பூரைக் கட்டியது முழுக்கத் தமிழ்க் கைதிகளே என்று சில நேரம் பெருமையோடு சொல்லப்படுகிறது. கைதிகள் சென்னை, வங்காளம், பம்பாய் என மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள். நமக்குப் பிடித்த கதைக்கும் அதே சோதனை பொருந்தும்.

எப்படிப் படிக்கலாம்?

முதலில், நிகழ்வுக்கும் எழுதப்பட்ட ஆண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கலாம். 1819ஐப் பற்றி 1902ல் எழுதிய பக்லி, பழைய ஏடுகளையும் ஆவணங்களையும் நம்பியே எழுதினார்.

அடுத்து, எழுதியவர் எங்கே நின்று பார்த்தார் என்று கேட்கலாம். மெக்நேரின் நூல், தம் நிர்வாகம் வெற்றி பெற்றது என்று காட்டும் அதிகாரியின் நூல். அதில் கைதிகள் திறமையானவர்களாகத் தெரிகிறார்கள். ஆனால் அவர்களே பேசுவதில்லை. தென்னிந்தியர்களைக் குறிக்க அக்கால நூல்கள் பயன்படுத்தும் ‘கிளிங்’ என்ற சொல் இன்று புண்படுத்தும் சொல். அதை மாற்றிப் படித்தால் தமிழர் குறித்த பல பத்திகள் கண்ணில் படாமலே போய்விடும். இணையத்தில் தேடுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

மூன்றாவதாக, ஒரு நூலை இன்னொன்றுடன் ஒப்பிடலாம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்தில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஏடுகளை இலவசமாகப் படிக்கலாம். பிற்கால ஆய்வுகளில், 1819 முதல் 1945 வரையிலான சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றி ராஜேஷ் ராய் 2014ல் வெளியிட்ட ஆங்கில நூல் நல்ல துணை.

சிங்கப்பூர்ச் சீனர்களின் நூறாண்டு வரலாற்றைச் சோங் ஓங் சியாங் 1923லேயே பெரிய நூலாக எழுதிவிட்டார். இந்தியர்களுக்கு அப்போது அதற்கு இணையான நூல் அமையவில்லை. இன்று படிக்கக் கிடைக்கும் சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகளில் மிகப் பழையதான ‘சிங்கை நேசன்’ தொடங்கியதே 1887ல்தான். அதாவது, முதல் 68 ஆண்டுகளின் தமிழர் வாழ்வைப் பெரும்பாலும் பிறர் எழுத்தின் வழியாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான், வீட்டில் இருக்கும் பழைய கணக்கேடு, நிலப்பத்திரம், கோயில் அல்லது பள்ளிவாசல் ரசீது போன்றவற்றைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துவது முக்கியமாகிறது. பக்லி நூலெழுத நம்பியதும் இத்தகைய பழைய தாள்களைத்தான்.