மாணவர் மென்பொருள் குழுத்திட்டம்

மாணவர் மென்பொருள் குழுத்திட்டம் என்பது கல்லூரி மாணவர் சிலர் குழுவாகச் சேர்ந்து, நிரலாக்கப் பணிகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு, குறித்த காலத்திற்குள் ஒரு மென்பொருளை உருவாக்கும் கல்விசார் பயிற்சி ஆகும். தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் இது பெரும்பாலும் இறுதியாண்டின் கடைசிப் பருவத்தில் இடம்பெறுகின்றது. நிரல் எழுதுவதைக் காட்டிலும், பலர் எழுதிய நிரல்களை ஒன்றாக இயங்கச் செய்வதே இத்திட்டங்களின் கடினமான பகுதியாகும். இக்கட்டுரை தஞ்சாவூரையும் காவிரி டெல்டாப் பகுதியையும் முதன்மையாகக் கொண்டு அவ்வொருங்கிணைப்பை விளக்குகின்றது.

பின்னணி

டெல்டாவின் பொறியியற் கல்வி நிறுவனங்களுள் திருமலைசமுத்திரத்தில் 1984இல் சண்முகா பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான சாஸ்த்ரா குறிப்பிடத்தக்கது. வல்லத்தில் 1988இல் பெண்களுக்கெனத் தொடங்கப்பட்ட பெரியார் மணியம்மை கல்லூரியும் பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. செங்கிப்பட்டியில் அரசு பொறியியற் கல்லூரி 2012இல் தொடங்கப்பட்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குத் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. வேளாண் குடும்பங்களிலிருந்து வரும் இத்தகைய மாணவர் பலருக்கு இறுதியாண்டுத் திட்டமே பிறருடன் சேர்ந்து மென்பொருள் எழுதும் முதல் வாய்ப்பாகும். இறுதிப் பருவம் தொடங்கும் தை மாதம் சம்பா அறுவடைக் காலமும் ஆதலால், பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றவர் சில நாட்கள் தாமதமாகத் திரும்புவதும் உண்டு. கால அட்டவணை தயாரிப்போர் இதை மறந்துவிடுகின்றனர்.

மதிப்பெண் முறை

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒரு திட்டத்தைத் தனி மாணவரோ நால்வருக்கு மிகாத குழுவோ மேற்கொள்ளலாம். பருவத்தின் இடையே மூன்று முறை மதிப்பாய்வுக் குழுவின் முன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். திட்ட அறிக்கைக்கான மதிப்பெண் குழுவினர் அனைவருக்கும் ஒன்றே. வாய்மொழித் தேர்வு மதிப்பெண்ணோ அவரவர்க்குத் தனித்தனி. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே குழுவினுள் எழும் பல சிக்கல்களுக்கு வேராக உள்ளது.

பணிப் பகிர்வும் இடைமுகமும்

வழக்கமாகத் திட்டம் சில கூறுகளாகப் பிரிக்கப்படுகின்றது. பயனர் திரைகள் ஒருவருக்கு, தரவுத்தளம் ஒருவருக்கு, கணக்கீடுகள் ஒருவருக்கு, சோதனையும் அறிக்கையும் ஒருவருக்கு என்பது பரவலான பகிர்வு. கூறுகளைப் பிரிப்பது எளிது. ஒரு கூறு மற்றொன்றிடம் எதை, எந்த வடிவில், எந்த அலகில் கேட்கும் என்பதை முன்கூட்டி முடிவு செய்வதே கடினம். இவ்வுடன்பாடு இடைமுகம் எனப்படும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்கு ஒரு மென்பொருள் எழுதப்படுவதாகக் கொள்வோம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் இந்நிலையங்களில் நெல் 40 கிலோ கொண்ட சிப்பங்களாக எடை போடப்படுகின்றது. ஆனால் குறைந்தபட்ச ஆதரவு விலை 100 கிலோ கொண்ட குவிண்டாலுக்கே அறிவிக்கப்படுகின்றது. எடைப் பதிவுத் திரையை எழுதுபவர் சிப்பக் கணக்கில் 50 என்று பதிந்து, பணக் கணக்கீட்டை எழுதுபவர் அதைக் குவிண்டால் என்று கொண்டால், 20 குவிண்டால் நெல்லுக்கு 50 குவிண்டாலின் விலை கணக்கிடப்படும். இருவர் நிரலிலும் தனித்தனியே பிழை இராது. இருவரும் தத்தம் கணினியில் சோதித்து "சரியாக உள்ளது" என்றே கூறுவர். நில அளவிலும் இதே இடர் உண்டு. விவசாயி மா என்றும் வேலி என்றும் கூறுவார்; வருவாய்த்துறை ஆவணங்களில் ஹெக்டேர் இருக்கும்; மாணவர் ஏக்கர் என்று எண்ணியிருப்பார். டெல்டா வழக்கில் 20 மா கொண்டது ஒரு வேலி, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர்.

இது மாணவர்க்கு மட்டும் நேரும் பிழையன்று. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்சு கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது இழக்கப்பட்டதற்குக் காரணம், ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசைத் தரவைப் பிரித்தானிய அலகில் தந்ததும், மற்றொரு குழு அதை மெட்ரிக் அலகாகக் கொண்டதுமே ஆகும்.

மேற்கூறிய எடுத்துக்காட்டில் இன்னொரு பாடமும் உள்ளது. கொள்முதலுக்கான நெல்லின் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. மழையால் நெல் நனைந்த சில ஆண்டுகளில் நடுவண் அரசு இவ்வரம்பைத் தளர்த்தியதுண்டு. நான்கு மாணவர் தத்தம் கோப்புகளில் 17 என்ற எண்ணைத் தனித்தனியே எழுதியிருந்தால், தளர்வு வரும் நாளில் அவற்றுள் ஒன்றேனும் திருத்தப்படாமல் விடுபடும். அத்தகைய மதிப்பு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அது எந்த இடம் என்பதும் குழுவினர் அனைவர்க்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சார்புநிலை

ஒருவர் பணி முடிந்தால்தான் மற்றவர் தொடங்க இயலும் என்ற நிலை சார்புநிலை எனப்படும். டெல்டாவினர்க்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி சூன் 12இல் திறக்கப்பட்டாலும், பேராவூரணி போன்ற கடைமடைப் பகுதிகளுக்கு நீர் சென்றுசேரப் பல நாட்கள் ஆகும். திட்டத்தில் அறிக்கைத் தாள்களை அச்சிடும் கூறு கடைமடையில் உள்ளது. தரவுத்தளம் எழுதுபவர் இரண்டு வாரம் தாமதித்தால் அந்த இரண்டு வாரமும் கடைமடையில் இருப்பவர் கணக்கில்தான் கழியும், மதிப்பாய்வில் "உன் பகுதி எங்கே?" என்ற வினாவும் அவரிடமே கேட்கப்படும்.

இதற்கு மாற்றாக, உண்மையான கூறு ஆயத்தமாகும் வரை அதனிடத்தில் நிலையான விடையைத் திருப்பித்தரும் போலிக் கூறு ஒன்றை வைத்து மற்றவர் பணியைத் தொடரலாம். பத்து விவசாயிகளின் கற்பனைப் பதிவுகளைத் தரும் இருபது வரி நிரல் இதற்குப் போதும். முதல் வாரத்திலேயே எல்லாக் கூறுகளும் போலிகளாகவேனும் இணைந்து இயங்கிவிட்டால், பின்னர் ஒவ்வொன்றாக உண்மைக் கூறுகளால் மாற்றிக்கொண்டு செல்லலாம். கடைசி வாரத்தில் முதன்முறையாக இணைக்கும் குழுக்களே மூன்றாம் மதிப்பாய்வில் திரைப்படங்களை மட்டும் காட்ட நேர்கின்றது (திரையில் தெரிவதைப் பிடித்த நிழற்படங்கள் என்று பொருள் கொள்க).

தாமதமான குழுவுக்கு ஆள் சேர்ப்பதும் தீர்வன்று. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎசு/360 இயங்குதளப் பணியை வழிநடத்திய பிரெடெரிக் புரூக்சு, தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் மேலும் கூடும் என்று 1975இல் வெளிவந்த தமது நூலில் குறிப்பிட்டார். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் பேச வேண்டியிருப்பின், நால்வர் குழுவில் 6 தொடர்புகள் உள்ளன, அறுவராயின் 15.

பதிப்பு மேலாண்மை

ஒரே நிரலைப் பலர் திருத்தும்போது யார், எதை, எப்போது மாற்றினர் என்பதைப் பதிவு செய்யும் முறை பதிப்பு மேலாண்மை ஆகும். முன்னர் நிரற்கோப்புகள் பென் டிரைவில் கைமாறின. "இறுதி", "இறுதி-2", "உண்மையான இறுதி" என்ற பெயர்களுடைய அடைவுகள் விடுதிக் கணினிகள் தோறும் இருந்தன. இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால் பின்னர்ப் படியெடுத்தவரின் பணி நிலைத்தது, முன்னவரின் பணி அழிந்தது. லினசு டோர்வால்ட்சு 2005இல் லினக்சு கருவின் மேம்பாட்டிற்காக எழுதிய கிட் என்ற மென்பொருளும், 2008இல் தொடங்கிய கிட்ஹப் தளமும் இந்நிலையை மாற்றின. கிட்டில் ஒவ்வொருவரும் தனிக் கிளையில் பணி செய்து, முடித்தபின் முதன்மைக் கிளையுடன் இணைக்கின்றனர். ஒரே வரியை இருவர் மாற்றியிருந்தால் கிட் அதை முரண்பாடு என்று அறிவித்து நிறுத்திவிடும். முந்தைய எடுத்துக்காட்டின் சிப்பம், குவிண்டால் முரண்பாட்டை அது அறியாது. அதற்கு மனிதர் பேசியே ஆக வேண்டும்.

ஒருவர் எழுதும் திட்டம்

இக்குழுக்களில் பரவலாகக் காணப்படும் குறைபாடு, நிரலாக்கம் முழுவதையும் ஒருவரே செய்துவிடுவதாகும். அவர் பெரும்பாலும் தன்னலமற்றவர். பிறருக்கு விளக்கும் நேரத்தில் தாமே எழுதிவிடலாம் என்று கருதுபவர். எஞ்சியோர் அறிக்கை தட்டச்சு, படவில்லைகள், அச்சகத்திற்குச் சென்று கட்டமைப்பது ஆகியவற்றை ஏற்கின்றனர். கலப்புக் குழுக்களில் ஆவணப்பணி மாணவியரிடம் கேட்காமலே ஒப்படைக்கப்படுவதும் உண்டு. அறிக்கை மதிப்பெண் பொதுவானது என்பதால் அதுவரை எவருக்கும் இழப்பில்லை. வாய்மொழித் தேர்வில் "இந்தச் சுழற்சி எதற்கு?" என்று தேர்வாளர் கேட்கும்போதும், பின்னர் வேலைக்கான நேர்முகத்தில் அதே திட்டம் பற்றிக் கேட்கப்படும்போதும்தான் இழப்பு தெரிகின்றது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த இழப்பை ஈடுசெய்ய வீட்டில் வேறு வழிகாட்டி இருப்பதில்லை. ஆயத்தத் திட்டங்களை விற்கும் மையங்களிடம் முழு மென்பொருளையும் விலைக்கு வாங்கும் குழுக்களில் இந்நிலை நால்வருக்கும் பொதுவாகின்றது.

கூறுகளைச் சுழற்சி முறையில் மாற்றிக்கொள்வதும், ஒருவர் நிரலை மற்றவர் படித்துப் பார்த்த பின்னரே இணைப்பதும் இதற்கு உதவுகின்றன. மெதுவான முறைதான், எனினும் நால்வரும் விடை சொல்வர்.

நிரலாக்கப் போட்டிகள்

2017 ஏப்ரலில் தன் முதல் இறுதிச்சுற்றை நடத்திய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டியில், குறைந்தது ஒரு மாணவியேனும் அடங்கிய அறுவர் குழு மென்பொருள் பிரிவில் 36 மணி நேரம் தொடர்ந்து பணி செய்கின்றது. இங்கு உறக்கமும் பங்கிடப்பட வேண்டிய பணியாகின்றது. காலம் குறுகியதால் இடைமுக உடன்பாடு பெரும்பாலும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டப்படுகின்றது.

பங்களிப்பை அளவிடல்

வழிகாட்டும் ஆசிரியர் கிட் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவர் பங்களிப்பையும் ஓரளவு அறியலாம். எனினும் சொந்தமாக மடிக்கணினி இல்லாத மாணவர் தோழரின் கணினியில் எழுதும்போது அப்பணி தோழரின் பெயரிலேயே பதிவாகும். கிட் பதிவுக்குறிப்பின் இறுதியில் இணை ஆசிரியர் பெயரைச் சேர்த்தால் கிட்ஹப் இருவரையும் காட்டும்.