கச்சு: இடுப்பில் தொடங்கிய சொல்

பிச்சாவரத்துச் சதுப்பில் தொளதொளத்த துணி உதவாது. சுரபுன்னையின் முட்டுவேர்கள் துணியைப் பிடித்து இழுக்கும். சேறு காலை உள்ளே வாங்கிக்கொள்ளும். கிள்ளைப் பக்கத்து இருளர்கள் இந்தத் தண்ணீருக்குள் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போடும் பரி என்ற ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள், கை இரண்டும் தடவலில் இருப்பதால். நடுவில் இடுப்புத்துணி அவிழ்ந்தால் எடுத்துச் செருகக் கை ஏது? சுற்றி, இறுக்கி, முடிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

இப்படி உடம்போடு ஒட்ட இறுக்கிக் கட்டும் துணிக்குத் தமிழின் பழைய பெயர்களில் ஒன்று கச்சு. இன்று அதைக் கேட்டதும் பெண்களின் மார்புக்கச்சுதான் நினைவுக்கு வருகிறது. சங்கப் பாட்டில் அப்படியில்லை. திருமுருகாற்றுப்படையில் கச்சு கட்டியிருப்பவன் முருகன். முல்லைப்பாட்டில், போர்ப் பாசறையில் விளக்கேற்றும் பெண்கள் வரிக்கச்சில் வாள் செருகியிருக்கிறார்கள். வேலைக்கும் போருக்கும் இடுப்பை இறுக்கிய பட்டை அது. மார்புக்குப் போனது பிறகு என்பதே என் எண்ணம். அதே முல்லைப்பாட்டில் யவனக் காவலர் போட்டிருந்த இறுக்கமான சட்டைக்குப் பெயர் மெய்ப்பை. மெய் நுழையும் பை! சுற்றிக் கட்டியே பழகிய கண், நுழைந்து போடும் உடையை முதலில் பார்த்த வியப்பு அந்தப் பெயரில் அப்படியே இருக்கிறது. சட்டை என்பதைவிட எவ்வளவு நல்ல சொல். நாம் இழந்திருக்க வேண்டாம்.

கச்சு எங்கிருந்து வந்தது? கட்டு என்பதே கச்சு என்று திரிந்தது என்பார் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. வடமொழியில் கக்ஷ்யா என்றால் இடுப்புப்பட்டை. யானைக்கும் குதிரைக்கும் கட்டும் வாருக்கும் அதுவே பெயர். தமிழிலும் கச்சின் இன்னொரு வடிவமான கச்சை மனிதர் இடுப்பிலும் இருக்கிறது, யானை மேலும் இருக்கிறது. இரண்டு பொருளும் இப்படிச் சேர்ந்தே வருவது தற்செயலாக இருக்க முடியாது. கொடுக்கிட்டுச் செருகுவதைக் குறிக்கும் கச்சம் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். சிதம்பரம் கோயில் தீட்சிதர்கள் வேட்டியை ஐந்து இடத்தில் செருகிக் கட்டும் பஞ்சகச்சத்தில் அதைப் பார்க்கலாம். சீக்கியர் அணியும் கச்சேரா என்ற அரைக்கால் உள்ளாடையும் வடக்கே பிரிந்துபோன உறவு.

துணி போனாலும் பேச்சில் கச்சை அவிழவில்லை. சண்டைக்கு நிற்பவரைக் கச்சை கட்டிக்கொண்டு வருகிறார் என்கிறோம்.

சட்டை அளவாகப் பொருந்தினால் கச்சிதம் என்கிறோமே, அதையும் கச்சோடு சேர்க்கத் தோன்றும். ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் கிட்டத்தட்ட ஒத்திருக்கிறது. ஆனாலும் அது வேறு வழி. வடமொழிக் கசிதம் என்றால் பதிக்கப்பட்டது, பொன்னில் கல்லைப் பதிப்பதுபோல. கன்னடத்தில் அதே சொல் 'உறுதி' என்ற பொருளுக்கு நகர்ந்தது. தெலுங்கிலும் கச்சிதங்கா என்றால் நிச்சயமாக என்று அர்த்தம். தமிழ்தான் அதைத் தையற்கடைக்குக் கொண்டுவந்தது. கல் பதியும் குழியில் இடைவெளி இருக்கக் கூடாது. தோளில் உட்காரும் தையலுக்கும் அதே கணக்கு.