ஆப்பிரிக்கா குறித்த ஆங்கிலப் புதினங்களில் பண்பாட்டு மேன்மையுணர்வு

தம் பண்பாடே மனித வளர்ச்சியின் உச்சம் என்றும் பிற இனத்தார் அதன் கீழ்ப்படிகளில் நிற்பவர் என்றும் கருதிய காலனிய மனப்பான்மை, ஆப்பிரிக்காவைக் களமாகக் கொண்ட ஆங்கிலப் புதினங்களில் ஆழப் பதிந்துள்ளது. அக்கண்டத்தில் நிலங்களைக் கைப்பற்றுவதற்கான விதிமுறைகளை ஐரோப்பிய வல்லரசுகள் 1884-85இல் பெர்லின் மாநாட்டில் வகுத்துக்கொண்ட காலத்திலேயே, ரைடர் ஹாகார்டின் 'சாலமன் அரசனின் சுரங்கங்கள்' (1885) போன்ற சாகசக் கதைகள் ஏராளமாக விற்பனையாயின. ஆளப்படுவோருக்கு நாகரிகம் புகட்டுவது வெள்ளையரின் கடமை என்னும் 'நாகரிகப் பணி'க் கொள்கையை ருட்யார்ட் கிப்ளிங் 1899இல், பிலிப்பைன்ஸைக் கைக்கொண்ட அமெரிக்காவுக்கு அறிவுரை கூறும் கவிதையாகவே பாடினார்.

இம்மனப்பான்மையின் வலிமை, பேரரசைப் போற்றிய நூல்களைவிட அதைக் கண்டித்த நூலிலேயே நன்கு புலப்படுகிறது. போலந்தியரான ஜோசப் கான்ராட் 1890இல் காங்கோ ஆற்றில் நீராவிப் படகில் பணியாற்றியவர். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமை போலிருந்த காங்கோ நாட்டில் யானைத் தந்தத்துக்காக நடந்த கொடுமைகளை 'இருளின் இதயம்' என்னும் குறும்புதினத்தில் சாடினார். அதில் வரும் தந்த வணிகன் குர்ட்ஸ், காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிப்பதற்கான சங்கம் ஒன்றுக்கு உயர்ந்த நடையில் அறிக்கை எழுதுகிறான். அதன் கடைசிப் பக்கத்து அடியில் ஆப்பிரிக்க மக்களையே அழித்துவிடச் சொல்லும் ஒரு வரியைப் பிற்பாடு கிறுக்கி வைக்கிறான். நாகரிகப் பணியின் பொய்மையை இத்தனை கூர்மையாகக் காட்டிய படைப்பு அக்காலத்தில் அரிது. ஆனால் அதே படைப்பில் ஆப்பிரிக்கர்கள் கைகால்களாகவும் கண்களாகவும் கூச்சலாகவுமே தோன்றுகிறார்கள். அவர்களுக்கு வாய்த்த பேச்சோ ஓரிரு இடங்களில் சில சொற்களே.

இவ்வாறு சித்திரிக்கப்பட்டோர் தரப்பிலிருந்து எழுதிய நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே, இபதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தபோது ஜாய்ஸ் கேரியின் 'மிஸ்டர் ஜான்சன்' (1939) என்னும் புதினம் நைஜீரியரைச் சித்திரித்த விதத்தால் சீற்றமுற்றவர். அவர் 1958இல் வெளியிட்ட முதல் புதினம், என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழுக்கு வந்துள்ளது. நாம் முழுமையாக அறிந்துவிட்ட கதைநாயகன் ஒகோன்குவோவின் வாழ்வையும் சாவையும், அப்புதினத்தின் இறுதியில் ஆங்கிலேய மாவட்ட ஆணையர், தாம் எழுதவிருக்கும் நூலில் ஒரு பத்திக்குள் அடக்கிவிட எண்ணுகிறார். காலனிய எழுத்து மனிதரை எவ்வாறு சுருக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அச்செபே 1975இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் கான்ராடை இனவெறியர் என்று வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். 'இருளின் இதயம்' நூலில் ஆப்பிரிக்கரைத் தாழ்த்தும் கருத்துகள் கதைசொல்லி மார்லோவுடையவையே என்று ஆசிரியரைக் காப்போர் வாதிடுவர். மார்லோவின் நோக்குக்கு மாற்றான ஒன்றை நூலில் எங்குமே கான்ராட் குறிப்பாகக்கூட உணர்த்தவில்லை என்பது அச்செபேயின் வலுவான மறுப்பு.