ஐந்தரை அடி ஒப்பந்தம்

இலங்கையின் பேராதனைச் சந்தியில் ரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கண்டிக்கு, மற்றது நானுஓயா வழியாகப் பதுளைக்கு. 1867இல் கண்டிக்கு வந்து சேர்ந்தது நீராவி எஞ்சின். இன்று ஓடுவது டீசல். எஞ்சின் மாறியதற்காகத் தண்டவாளங்களின் இடைவெளியை யாரும் மாற்றவில்லை. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஐந்தரை அடி என்ற ஒப்பந்தம் அப்படியே நின்றது.

நிரல் எழுதுவோர் இன்டர்ஃபேஸ் என்பது இத்தகைய ஒப்பந்தத்தைத்தான். 'இன்னது கேள், இன்னது தருவேன்' என்று மட்டும் அது சொல்லும். எப்படித் தருகிறது என்பதைச் சொல்லாது. எது மாறக்கூடுமோ அதை ஒரு பகுதிக்குள் மறைத்துவை என்று 1972இல் எழுதினார் கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ்.

மூலக் கோப்புகளை ஓடும் நிரலாக்கும் வேலைக்குப் பில்ட் என்று பெயர். இந்த ஒப்பந்தம் பில்ட் நேரத்தோடு பிணைந்த கதை பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. அங்கே ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் காலை முழுவதும் ஒரு பிழையைத் தேடி அலைந்தார். பிழையை ஏற்கெனவே திருத்தியிருந்தார். திருத்திய கோப்பைக் கம்பைல் செய்ய, அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றத்தான் மறந்திருந்தார். அவர் புலம்பியதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், முந்தின நாள் மாலை தானும் அதே பாடுபட்டவர். 1976இல் அவர் கையில் 'மேக்' என்ற கருவி பிறந்தது. எந்தக் கோப்பு புதிதாகத் திருத்தப்பட்டது என்று நேரத்தைப் பார்த்து, அதையும் அதை நம்பியிருப்பவற்றையும் மட்டும் அது மறுபடி கம்பைல் செய்யும்.

சி மொழியில் ஒப்பந்தம் இருப்பது ஹெடர் கோப்பில். உள்வேலையைத் திருத்தினால் ஒரு கோப்போடு போயிற்று. ஹெடரில் ஒரு வரி கூட்டினாலோ, அதைச் சேர்த்துக்கொண்ட அத்தனை கோப்புகளும் மறுபடி வரிசையில் நிற்கும்.

அந்த வரிசை எவ்வளவு நீளும்? 2007இல் கூகுளின் பெரிய சி++ நிரல் ஒன்றை அளந்தார்கள். சுமார் 2,000 கோப்புகள், மொத்தம் 4.2 மெகாபைட். ஒவ்வொரு கோப்பிலும் ஹெடர்களெல்லாம் விரிந்தபின் கம்பைலர் விழுங்கியது 8 கிகாபைட்டுக்கும் மேல். பில்ட் முடிய 45 நிமிடம். அப்படியொரு காத்திருப்பில்தான் கூகுளின் ராப் பைக்கும் நண்பர்களும் கோ மொழியை யோசித்தார்கள் என்பது அம்மொழியின் பிறப்புக் கதை. அதில் ஒரு தொகுதியைப் பயன்படுத்தும் கம்பைலர், மூலத்தை மறுபடி படிக்காமல் அதன் வெளிமுகச் சுருக்கத்தை மட்டும் படிக்கும்.

ஆக, இன்டர்ஃபேஸ் பில்டை வேகமாக்குமா? ஒப்பந்தம் எத்தனை நாள் நிலைக்கிறதோ, அத்தனை நாள் ஆக்கும். அதே இலங்கையில் களனிவெளி ரயில் பாதையை இரண்டரை அடி இடைவெளியில் போட்டார்கள். 1990களில் அதை ஐந்தரை அடியாக்கியபோது, பழைய தண்டவாளத்தோடு அதில் ஓடிய எஞ்சினும் பெட்டியும் சேர்ந்தே ஒதுங்கின.