மலையகத்துக் கன்னியர் மடங்களும் தோட்டத்துப் பெண்களும்

மலையகத் தமிழர் வரலாறு பற்றி இதுகாறும் வெளிவந்த ஆய்வுகள் பெரும்பாலும் கோப்பி, தேயிலைப் பயிர்ச்செய்கை, கங்காணி முறை, தொழிற்சங்கம், குடியுரிமை ஆகிய பொருள்களையே சுற்றி அமைந்துள்ளன. கத்தோலிக்க மறைபரப்பு வரலாறோ ஆயர்களையும் குருமாரையும் ஆலயத் திருப்பணிகளையும் முதன்மைப்படுத்திச் செல்வது. இவ்விரு வரலாறுகளுக்கும் இடையே விடுபட்டுப் போனோர், மலைநகரங்களில் மடம் அமைத்து வாழ்ந்த துறவுச் சகோதரியராவர். அவர்தம் கூட்டுவாழ்வு அவர்களைத் தோட்டத்துப் பெண்ணிடம் இட்டுச்சென்றதா, அன்றி அவளிடமிருந்து விலக்கி நிறுத்தியதா என்னும் வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலிற் கூட்டுவாழ்வு என்பதன் இயல்பை நோக்குதல் வேண்டும். கற்பு, வறுமை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளை ஏற்று, பொது உணவு, பொது உடை, பொதுச் செபம் என ஓர் ஒழுங்கின்கீழ் வாழ்வதே அது. திரெந்து நகரிற் கூடிய திருச்சங்கம் 1563 இல் துறவுப் பெண்டிரின் அடைப்பு ஒழுக்கத்தை வலியுறுத்தியது. பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் 1566 இல் அதனை மேலும் இறுக்கினார். மடத்தின் மதிலைத் தாண்டாமையே பெண் துறவின் இலக்கணம் என்றாயிற்று. இவ்விலக்கணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரான்சு மெல்ல மெல்லத் தளர்த்தியது. போர்தோ நகரில் நுவாயில் அடிகளார் 1820 இல் நிறுவிய திருக்குடும்பச் சபையும், ஆஞ்சே நகரில் மரிய யூப்பிராசியா பெல்த்தியே அம்மையார் 1835 இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற நல்லாயன் சபையும் அக்காலத்தின் விளைவுகள்.

பெல்த்தியே அம்மையார் செய்தது வெளித்தோற்றத்துக்குச் சிறியதொரு நிருவாக மாற்றமே. அவர் வளர்ந்த பழைய சபையில் ஒவ்வொரு மடமும் தனித்து நின்றது. அவரோ எல்லா மடங்களையும் ஒரு தலைமைத் தாயின்கீழ்க் கொணர்ந்தார். இதனால் ஆஞ்சேயிற் பயின்ற சகோதரியை எந்நாட்டுக்கும் அனுப்புதல் இயல்வதாயிற்று. கடல் கடந்து 1869 இல் நல்லாயன் சகோதரியர் கொழும்புக்கு வந்தமைக்கு இவ்வமைப்பே வழிகோலியது. திருக்குடும்பக் கன்னியர் அதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1862 இல், யாழ்ப்பாணத்தை அடைந்திருந்தனர்.

ஆயினும் நல்லாயன் சபை அடைப்பு ஒழுக்கத்தை முற்றாகக் கைவிடவில்லை. வெளியுலகத் தொடர்புகளைக் கவனிக்கவென வெளிப்பணிச் சகோதரியர் என ஒரு பிரிவினர் தனியே இருந்தனர். மடத்தினுள்ளும் பாடகர் வரிசைச் சகோதரியர், பணிவிடைச் சகோதரியர் எனப் படிநிலை இருந்தது. துறவிலும் படிநிலை உண்டோ என வினவுவார்க்கு, உண்டு, நெடுங்காலம் இருந்தது என்பதே விடை. இதே சபை அயர்லாந்தில் நடத்திய சலவைச்சாலைகளிற் பெண்கள் அடைத்துவைத்து உழைப்பிக்கப்பட்டனர் என்பதும், அத்தகைய நிலையங்கள் குறித்து அந்நாட்டு அரசு 2013 இல் மன்னிப்புக் கோரியது என்பதும் மறைத்தற்குரியன அல்ல. கூட்டுவாழ்வின் ஒழுங்கு காப்பதும் உண்டு, நெருக்குவதும் உண்டு.

இனி மலையகத்துக்கு வருவோம். கண்டிப் பகுதி 1883 இல் தனி அப்போஸ்தலிக்க நிருவாகப் பகுதியாகிச் சில்வெஸ்திரப் பெனடிக்துத் துறவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886 இல் மறைமாவட்டமாயிற்று. இடைப்பட்ட 1885 இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. திருச்சபையின் அமைப்பும் தேயிலையின் பாதையும் ஏறத்தாழ ஒருசேர மலையேறின எனலாம். மக்கள் ‘கொன்வென்ற்’ என்று வழங்கிய பெண்கள் பாடசாலைகள் நகரங்களில் எழுந்தன. நுவரெலியாவில் நல்லாயன் என்ற பெயரும் ஹற்றனிற் புனித கபிரியேல் என்ற பெயரும் இன்றும் அப்பாடசாலைகளில் நிலைத்துள்ளன.

இப்பாடசாலைகள் எழுந்த நகரங்களைச் சூழ நாற்புறமும் தேயிலை. தேயிலையின் நடுவே லயங்கள். ஆயின் லயத்துச் சிறுமி கொன்வென்றுக்கு வந்திலள். ஆங்கிலமும் கட்டணமும் அவளுக்கு எட்டாதவை. தோட்டத்து வீதி தோட்டத்துக்கே சொந்தம். துரையின் இசைவின்றி வெளியார் நுழைதல் அரிது. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. விளைந்தவை பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகளே. புரட்டஸ்தாந்தரோ தோட்டத் துரைமாரின் ஆதரவுடன் 1854 இலேயே தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கியிருந்தனர். கத்தோலிக்கச் சகோதரியரின் பள்ளி நகரத்திலேயே நின்றுவிட்டது. மடத்தின் மதிலையும் தோட்டத்தின் எல்லையையும் சேர்த்தே நோக்கினாலன்றி இந்நிலை விளங்காது.

இரு பெண்டிரின் ஒரு நாளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தோட்டத்தில் விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக்களத்திற் பெயர் கூப்பிட்டு மலை பிரிப்பர். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கூடை கட்டி ஏறுபவள், கொழுந்து நிறுக்க இறங்கி, மீண்டும் ஏறி, மாலையிற் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அடுப்பு மூட்டுவாள். ஆணுக்கு நிகரான நாட்கூலி அவளுக்கு 1984 இலேயே கிட்டியது. மடத்திலும் விடியுமுன் மணி ஒலிக்கும். செபம், திருப்பலி, மௌனம், பணி, பொதுமேசை என அந்நாளும் பிறர் வகுத்த ஒழுங்கிலேயே நடக்கும். தனக்கென ஒரு சதமும் இன்மை இருவர்க்கும் பொது. ஆயின் சகோதரியின் வறுமை தானே விரும்பி ஏற்றது. அதன் பின்னே பொதுக் களஞ்சியமும் நோய்க்கு மருந்தும் முதுமைக்கு ஒரு படுக்கையும் இருந்தன. தோட்டத்துப் பெண்ணின் வறுமைக்குப் பின்னே கங்காணியிடம் பட்ட கடனே இருந்தது. இவ்வேறுபாட்டை மறந்து துறவின் எளிமையை மட்டும் போற்றும் வரலாறு குறையுடையது என்பது என் கருத்து.

இவ்விலகல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால், நுவரெலியாவைப் போலவே மலைவாசமும் தேயிலையும் கலந்த நீலகிரியில், உலகளாவிய ஒரு சபையே பிறந்தது. நாந்து நகரில் 1839 இல் பிறந்த எலன் த சப்போத்தேன் என்னும் பிரெஞ்சுப் பெண், மரிய ரெப்பரத்திரிசுச் சபையில் திருப்பாடுகளின் மரியாள் என்ற பெயர் பூண்டு, 1865 இல் மதுரை மறைபரப்புப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். இயேசு சபையார் அச்சபையினரை அழைத்த காரணங்களுள் ஒன்று உள்ளூர்த் துறவுச் சகோதரியரைப் பயிற்றுவித்தல் என்பது மனங்கொளத்தக்கது. பின்னர் எழுந்த பிணக்கினால் 1876 இல் இருபது சகோதரியர் அச்சபையை விட்டு நீங்கி, உதகமண்டலத்து மடத்திற் கூடினர். 1877 சனவரி 6 ஆம் நாள் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு இசைவளித்தார். அதுவே பிற்காலத்து மரியாயின் பிரான்சிஸ்கு மறைபணிச் சபை. நிறுவுநர் 1904 இல் மறைந்தபோது நான்கு கண்டங்களில் 86 மடங்களும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சகோதரியரும் இருந்தனர். தமிழ்ப் பெண்களைப் பயிற்றுவிக்க வந்தவர் தமிழ்நாட்டு மலையிலிருந்து உலகச் சபையொன்றைக் கட்டினார். அதன் பயிற்சியகமோ பிரான்சில் அமைந்தது. தமிழ்ப் பெண் தன் மொழியிலேயே துறவு பயிலும் வாய்ப்பு இதில் முதலிடம் பெறவில்லை. இதற்கு முன்னரே, 1844 இல், துப்புய் அடிகளார் புதுச்சேரியில் உள்ளூர்ப் பெண்களைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதயச் சபையைத் தொடங்கியிருந்தமை ஒப்புநோக்கற்பாலது.

பிரான்சிஸ்குச் சகோதரியர் 1886 இற் கொழும்புக்கு வந்து பொது ஆஸ்பத்திரியிற் தாதியராய்ப் பணி ஏற்றனர். அடுத்த முக்கால் நூற்றாண்டில் அரசு நிறுவனங்களிலும் அரச உதவி பெறும் பாடசாலைகளிலும் துறவுச் சகோதரியரின் இடம் உறுதியாயிருந்தது. அது குலைந்தது சுதந்திரத்தின் பின்னரே. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையாயின. அறுபதுகளில் அரசாங்க ஆஸ்பத்திரிகளினின்றும் துறவுத் தாதியர் நீங்க நேர்ந்தது. கத்தோலிக்கர் இதனைப் பேரிழப்பாகக் கண்டு கிளர்ந்தெழுந்தனர். அவ்வாறு எழுந்தோர், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியபோது அதே அளவு எழவில்லை என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ளும். பாடசாலைச் சட்டம் தோட்டப் பள்ளிகளைத் தொடவும் இல்லை. அவை எழுபதுகளிலேயே படிப்படியாக அரசின்கீழ் வரலாயின.

1964 ஒற்றோபர் 30 இல் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. தாயகம் திரும்பியோர்க்கென 1968 இல் தமிழ்நாட்டரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. நுவரெலியா மலையிற் கொழுந்து பறித்தவள் உதகமண்டலத்தை அடுத்த மலைகளில் மீண்டும் கூடை சுமந்தாள்.

மடங்களின் திசை மாறியதும் இக்காலத்திலேயே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒற்றோபர் 28 இல் வெளியிட்ட துறவுவாழ்வுப் புதுப்பித்தல் பற்றிய ஏடு, சபைகள் தத்தம் தொடக்க நோக்கத்துக்குத் திரும்புமாறும், பெண்கள் சபைகளில் ஒரே வகைச் சகோதரியரே இருக்க முயலுமாறும் கூறியது. கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை 1972 இற் புதிதாய் அமைந்த பதுளை மறைமாவட்டத்தை ஏற்றுத் தோட்ட மக்களை முன்னிறுத்தினார். அவ்வாண்டிலேயே போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியிற் சத்தியோதயத்தை நிறுவினார். 1973–74 இல் உணவுப் பஞ்சம் தோட்டங்களில் உயிர் குடித்தது. 1975 இற் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையின் இசைவு என்ற பழைய தடை இளகியது. சகோதரியர் சிலர் பெரிய மடங்களை விட்டுச் சிறு குழுக்களாகத் தோட்டங்களை அண்டி வாழத் தலைப்பட்டனர். பாலர் பள்ளி, தையல் வகுப்பு, பெண்கள் குழு, பிறப்புச் சான்றிதழுக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பம் எழுதுதல் என அவர் பணி அமைந்தது. தையல் வகுப்பினும் விண்ணப்பம் எழுதியதே பெரும்பணி என்பேன். நாடற்றவளுக்குத் தன் பெயர் ஒரு தாளிற் பதிவாவது எவ்வளவு பெரிது என்பதை, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்தோரே அறிவர். அவளுள் மிகப் பலர் மாரியம்மனை வழிபட்டோர். அவர்களை மதம் மாற்றாமலே உடன் வாழ்தல் பணியாகும் என்பதைச் சகோதரியர் கற்றதும் லயத்தின் வாசலிலேதான்.

அவ்வாசல்களிலிருந்தே துறவு புக்க தமிழ்ச் சகோதரியரும் உளர். லயத்திற் பிறந்து மடத்தில் முதிர்ந்த இவர்தம் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு மடமும் தன் நாட்குறிப்பேட்டை எழுதிவைப்பது சபைகளின் மரபு. ஆயின் பழைய ஏடுகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அமைந்தவை. தோட்டத்துப் பெண் அவற்றிற் பெரும்பாலும் பெயரின்றியே வருவாள். தோட்டத்துச் செக்றோலில் அவள் பெயரும் நாட்கணக்கும் உண்டு, வாழ்வு இல்லை. இவ்விரு ஏடுகளையும் அருகருகே வைத்து, முதிய சகோதரியரும் முதிய தொழிலாளப் பெண்டிரும் இருக்கும்போதே அவர்தம் வாய்மொழியையும் சேர்த்துப் படித்தல் நுவரெலியாவிலும் ஹற்றனிலும் தொடங்கப்பட வேண்டிய பணியாகும்.