பாந்தியன் தோட்டம்

சென்னைக் கோட்டைக்குள் கணக்கெழுதிய கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகஸ்தர்கள் கையில் பணம் சேர்ந்ததும் தோட்ட வீட்டைத்தான் நாடினார்கள். எழும்பூரில் 43 ஏக்கர் நிலம் 1778-இல் ஹால் பிளம்மர் வசமானது இந்த வழக்கப்படிதான். பிளம்மர் கும்பினி ஊழியர், ஒப்பந்தக்காரரும்கூட. இரண்டும் ஒருவரே என்பது அக்காலத்துக்குப் புதுமையல்ல.

1793-இல் அத்தோட்டம் 24 பேர் கொண்ட ஒரு குழுவின் கைக்கு மாறியது. நகரத்து ஐரோப்பியரின் விருந்து, நடனம், நாடகம் ஆகியவற்றை நடத்துவதே குழுவின் வேலை. அந்தக் கேளிக்கை மாளிகைக்கு ரோமாபுரிக் கோயில் ஒன்றின் பெயர் வாய்த்தது. வாசலில் ஓடும் பாந்தியன் சாலை இன்றும் அதைச் சுமக்கிறது. 1821-இல் பிரதான வீட்டையும் நடுத்தோட்டத்தையும் ஆர்மீனிய வணிகர் மூரட் வாங்கினார். 1830-இல் அவரிடமிருந்தே அரசாங்கம் வாங்கியது. பிறகு அங்கே கலெக்டர் கச்சேரி. ஊர்க்காரர் அந்த வாசலை மிதிக்க ஒரு மனுவாவது வேண்டியிருந்திருக்கும்.

கையில் மனு இல்லாதவரையும் உள்ளே அழைத்தது அருங்காட்சியகம்தான். சென்னை இலக்கியச் சங்கம் தந்த கற்களையும் தாதுக்களையும் கொண்டு 1851-இல் கல்லூரிச் சாலையில் தொடங்கிய அது, இடம் போதாமல் 1854-இல் இங்கே வந்தது. முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் மருத்துவர். கூட்டத்தின் மனம் அறிந்தவர். உயிருள்ள புலியையும் சிறுத்தைக் குட்டியையும் வைத்ததும் பார்வையாளர் பெருகுவதைக் கண்டார். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் பெற்றார். 1855-இல் தோட்டத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலை எழுந்தது. சில ஆண்டுகளில் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் பெயர்ந்தது. அதை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் பாடம் செய்த பிராணிகளும் எலும்புக்கூடுகளும் நின்ற அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சென்னை மக்கள் சொல்லிவந்தார்கள். அமராவதிச் சிற்பங்களையும் சோழர் செப்புத் திருமேனிகளையும் வைத்திருக்கும் இடத்துக்கு இந்தப் பெயர் பொருந்தாது என்று அறிஞர்கள் குறைப்படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்தம் கொண்டாடுகிறவர்கள்தான் பட்டப்பெயர் வைப்பார்கள்.

1896-இல் அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது. 1950-இல் அது மாநில மைய நூலகமாயிற்று. நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி அதற்குச் சேரவேண்டும் என்கிறது 1954-ஆம் ஆண்டுச் சட்டம்.