வெளியேற்றம் என்ற சொல்

பத்தாம் தர வரலாற்றுப் பாடத்தில் ஒரு நாள், பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், எங்கட ஆக்கள் ஏன் புத்தளத்துக்குப் போனாங்க?" நான் வாய் திறப்பதற்குள் பின்வாங்கில் இருந்த ஒருவன் பதில் சொல்லிவிட்டான்: "சண்டையில இடம்பெயர்ந்து போனதாம்." வகுப்பு முழுவதும் தலையாட்டியது. அவன் சொன்னது பிழை என்று எவருக்கும் தோன்றவில்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் வீட்டில் இருக்கும் பழைய பங்கீட்டு அட்டை, பதிவுப் படிவம், வீட்டுத்திட்ட விண்ணப்பம் எதிலும் அந்த ஒரு சொல்தான் இருக்கும். 1964 டிசம்பர்ப் புயலில் இந்தக் கரையோரச் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். மாரி வெள்ளத்தில் குளக்கட்டு உடைந்தாலும் இடம்பெயர்கிறார்கள். இடம்பெயர்வு என்ற சொல்லுக்குள் செய்தவன் என்று எவனும் இல்லை. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவில் எங்களுக்கு நடந்தது அப்படிப்பட்டதன்று. எங்கள் கிராமங்களில் அன்று சண்டை நடக்கவில்லை. போ என்று சொன்னார்கள், போனோம். அதற்குப் பெயர் வெளியேற்றம்.

அந்த ஆண்டு யூன் மாதம் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடியும் மூண்டது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். கிழக்கின் செய்தி வடக்குக்கு வந்தபோது, அது தூரத்து ஊர்களின் துயரம் என்றே எங்களில் பலர் எண்ணியிருந்தார்கள். ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த வாரம் மன்னார்த் தீவில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. 28ஆம் திகதிக்கு முன் முஸ்லிம்கள் யாவரும் வெளியேற வேண்டும் என்பது அறிவிப்பு. அந்த நாள் வருவதற்கு முன்பே, 26ஆம் திகதி எருக்கலம்பிட்டியில் புலிகள் புகுந்து வீடு வீடாகச் சூறையாடினார்கள். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய ஐந்து மாவட்டங்களிலுமாக 72,000 முதல் 75,000 வரையான மக்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மன்னார் மாவட்டத்தார். பெருநிலப் பகுதியில் முசலிப் பக்கத்தவர்கள் தரைவழியாகவும் காட்டுவழியாகவும் தெற்கே நடந்தார்கள். தீவுக்காரர்களான எங்களுக்குக் கடல்தான் வழி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கடற்கரையில் படகுக்குக் காத்திருந்த கூட்டம் நினைவிருக்கிறது. மழை பெய்ததா, பனி கொட்டியதா என்று இன்று சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன், உடுப்பு நனைந்திருந்தது மட்டும் தெரியும். மூத்தம்மா ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தா. எங்கள் தீவில் பெண்கள் ஓலையில் சாயம் தோய்த்துப் பின்னும் பாய்க்கு நல்ல மதிப்பு உண்டு. நகையும் காசும் கொண்டுபோக முடியாதென்று ஆனபின், அந்தப் பாயையாவது எடுப்போம் என்று நினைத்திருக்கிறா. அதன் ஒரு கரை இன்னும் பின்னி முடிக்கப்படாமல் இருந்தது.

கற்பிட்டிக்கு ஐம்பது மைலுக்கு மேல் கடல். மீன்பிடி வள்ளங்களிலும் இயந்திரப் படகுகளிலும் கொள்ளளவுக்கு மேல் ஆட்கள். எங்கள் வாழ்வில் எதையும் நிறுத்திப் பார்க்க இயலாத ஒரு இரவு அது. பின்னாளில் நிலப்படத்தை விரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. அதே ஆண்டு இதே தீவின் தமிழ் மக்கள், குண்டுகளுக்குப் பயந்து தலைமன்னார்ப் பக்கமிருந்து மேற்கே இராமேஸ்வரத்துக்குப் படகேறி மண்டபம் முகாமில் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் தெற்கே போனோம். ஒரே கரை, ஒரே ஆண்டு. ஒருவர் மற்றவரின் படகைப் பார்க்கவில்லை. எங்கள் அயல்வீட்டுத் தமிழ்ப் பெண் எங்களது இரண்டு ஆடுகளையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அழுதா. சில மாதங்களில் அவவும் அக்கரை போய்விட்டா என்று பின்னர் அறிந்தோம். ஆடுகள் என்னவாயின என்று கேட்க ஆளில்லை.

கற்பிட்டியில் இறங்கியதும் கிடைத்த முதல் பெயர் அகதி.

கற்பிட்டி, புத்தளம் மக்கள் அந்த முதல் மாதங்களில் செய்ததை எவ்வளவு எழுதினாலும் தகும். பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள், பாடசாலைகளைத் திறந்துவிட்டார்கள், தென்னந்தோட்டங்களில் குடிசை போட இடம் தந்தார்கள், தங்கள் அடுப்பில் எங்களுக்கும் சேர்த்து உலை வைத்தார்கள். ஜும்ஆப் பிரசங்கங்களில் முஹாஜிர்களும் அன்சாரிகளும் நினைவுகூரப்பட்டார்கள். அழகான ஒப்புமைதான். ஆனால் மதீனாவின் கதையைச் சொன்னவர்கள் எத்தனை வருடங்களுக்கு என்று சொல்லவில்லை. விறகு, தண்ணீர், ஆஸ்பத்திரி வாங்கு, பாடசாலை இடம், கூலி வேலை எல்லாம் பங்குபோட வேண்டியதாயிற்று. வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் அகதிப் பெண் குறைந்த கூலிக்கு இறங்கினால் ஊர்ப் பெண்ணின் கூலியும் இறங்கும். இதில் எவர் பக்கம் நியாயம் என்று இப்போது தீர்ப்புச் சொல்லி ஆவதென்ன? அன்சாரிகளும் ஏழைகள் என்பதை நாங்கள் காலம் தாழ்த்தித்தான் கண்டோம்.

ஆலங்குடா, தில்லையடி, உப்பளம், பாலாவி என்று முகாம்கள் பெருகின. ஆனால் அந்த முகாம்களுக்குள்ளே நடந்ததைத்தான் வரலாற்றில் குறித்துவைக்க வேண்டும் என்பேன். கிடுகுக் கொட்டில்கள் எழும்பியபோது ஆட்கள் சும்மா கலந்து குடியேறவில்லை. எருக்கலம்பிட்டியார் ஒரு பக்கம், தாராபுரத்தார் ஒரு பக்கம், விடத்தல்தீவார் ஒரு பக்கம், சிலாவத்துறையார் ஒரு பக்கம். ஊர்ப் பெயரிலேயே ஜமாஅத்து, ஊர்ப் பெயரிலேயே மரண உதவிச் சங்கம், பழைய வழக்கப்படியே கலியாணப் பேச்சு. மையித்துச் செய்தி சொல்லும்போது மண்ணில் இல்லாத ஊரின் பெயர் ஒலிபெருக்கியில் வரும். வெளியாருக்கு இது பழைய ஊர்ப்பற்று என்றோ, கொஞ்சம் பிடிவாதம் என்றோ படலாம். இருபது வருடங்களுக்குப் பின் எவன் எந்தக் காணியின் உரித்தாளி, எந்த வீட்டின் பேரன் என்று சாட்சி சொல்ல ஆட்கள் இருந்தார்கள் என்றால் அது அந்தப் பிடிவாதத்தால்தான்.

பிள்ளைகளின் படிப்பும் அவ்வாறே. உள்ளூர்ப் பிள்ளைகள் மதியம் கலைந்த பின், அதே கட்டிடத்தில் எங்களுக்குப் பின்னேரப் பள்ளிக்கூடம். வடக்கிலிருந்து வந்த ஆசிரியர்களே படிப்பித்தார்கள். காலை வகுப்புக்காரர் கரும்பலகையில் எழுதியதை அழிக்கத் தயங்கிய ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். ஒரு மூலையில் சின்ன எழுத்தில் கணக்குப் போடுவார். நான் பின்னாளில் ஆசிரியர் கலாசாலைக்குப் போனதற்கு அந்த மூலைதான் காரணம் என்று பெருமைக்குச் சொல்வதுண்டு. உண்மையில் அப்போது எனக்குக் கிடைக்கக்கூடிய உத்தியோகம் அது ஒன்றுதான்.

அகதி என்ற பெயர் மெல்ல மறைந்து, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் ஆனோம். ஐக்கிய நாடுகள் சபை 1998இல் உள்நாட்டு இடம்பெயர்வுக்கான வழிகாட்டிக் கோட்பாடுகளை வெளியிட்டது. சொந்த இடத்துக்குத் திரும்புவதா, வேறிடத்தில் குடியமர்வதா என்பதை இடம்பெயர்ந்தவர்களே தெரிவு செய்ய வேண்டும், அதற்கு வழி செய்வது அதிகாரிகளின் கடமை என்று அதன் 28ஆம் கோட்பாடு சொல்கிறது. நல்ல கோட்பாடு. அதை அறிந்தவர் முகாமில் எத்தனை பேர்? எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராக இருந்த எஸ். எச். ஹஸ்புல்லாஹ், எவர் எதை இழந்தார்கள் என்று கணக்கெடுத்து எழுதிவைத்தார். 2001இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூல், வடக்கு முஸ்லிம்களை மறக்கப்பட்ட மக்கள் என்று தலைப்பிலேயே சொன்னது. அவர் 2018இல் காலமானார். அந்தக் கணக்கெடுப்பு இல்லையென்றால் இன்று எங்களிடம் இருப்பது ஒப்பாரி மட்டும்தான்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்தை ஓர் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். சில நாட்களில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் உடன்பாடு ஒன்றில் ஒப்பமிட்டார்கள். முகாமில் வானொலியைச் சுற்றி இருந்தவர்கள் அன்று பெட்டி கட்டாத குறைதான். ஆயினும் திரும்பியவர் சிலரே. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ம. ஆ. சுமந்திரன் பிற்காலத்தில் இதை இனச்சுத்திகரிப்பு என்றே வெளிப்படையாகச் சொன்னார். தமது சமூகத்திலிருந்து கடும் கண்டனம் வரும் என்று தெரிந்தே சொன்னார். சரியான சொல்லைச் சொல்வதற்குச் செலவு உண்டு என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

2009 மே மாதம் போர் முடிந்தது. வழி திறந்தது என்று எண்ணினோம். அப்போதுதான் இன்னொரு பெயர் வந்தது: பழைய இடம்பெயர்ந்தோர். 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் புதியவர்கள், அதற்கு முன் வந்தவர்கள் பழையவர்கள். வன்னியின் இறுதிப் போரில் எல்லாம் இழந்து முள்வேலிக்குள் இருந்த தமிழ் மக்களுக்கு முன்னுரிமை கொடுத்ததை எவரும் ஆட்சேபிக்க முடியாது, ஆட்சேபிக்கவும் கூடாது. ஆனால் ஒரு துயரம் பழையதாகிவிட்டால் அது தீர்ந்துவிட்டதாகக் கொள்வது எந்தக் கணக்கு? 2007இலிருந்து உலக வங்கியின் கடனுதவியோடு புத்தளத்தில் எங்களுக்கு வீடுகள் கட்டப்பட்டதையும் காட்டி, இவர்கள்தான் அங்கே நிலைத்துவிட்டார்களே என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கூரை ஒழுகாத வீடு ஒன்றை ஏற்றுக்கொண்டால் பிறந்த ஊரை எழுதிக் கொடுத்ததாக அர்த்தமா?

திரும்பி வந்தவர்களின் காணிகளில் இருபது வருடத்து உடைமரம். 1990இல் ஒரு குடும்பம் போன இடத்திலிருந்து நாலைந்து குடும்பங்கள் திரும்பின. காணி மட்டும் பெருகவில்லை. 1981 கணக்கெடுப்பில் மன்னார் மாவட்டத்தில் ஏறத்தாழ நாலில் ஒருவர் முஸ்லிம். 2012இல் ஏறத்தாழ ஆறில் ஒருவர்.

முசலிக்குத் திரும்பியவர்களுக்குக் கிடைத்த பெயர் எல்லாவற்றிலும் விசித்திரமானது: காடழிப்போர். 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தன. 2017 மார்ச்சில் இன்னொரு வர்த்தமானி. வில்பத்துவை முஸ்லிம்கள் பிடித்துவிட்டார்கள் என்று தென்னிலங்கையில் பெரும் கூச்சல் எழுந்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வெட்டிய காட்டை மீள வளர்க்கும்படி தீர்ப்பளித்தது. காட்டைக் காப்பதற்கு எதிராக நான் எழுதவில்லை. எங்கள் எல்லோருக்கும் மழை வேண்டும். வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் ஒரு ஆண்டை மட்டும் நினைவூட்டுகிறேன். வில்பத்து முதன்முதலில் சரணாலயமாக்கப்பட்டது 1905இல். அதே 1905இல்தான் மறிச்சுக்கட்டிக் கரையில் பெரும் முத்துக்குளிப்பு நடந்து, பல நாட்டு வணிகரும் சுழியோடிகளும் அங்கே கூடினார்கள். காடு பதிவானபோதே ஊரும் பதிவாகியிருந்தது. ஆட்களை வெளியேற்றினால் இருபது வருடத்தில் ஊர் காடாகும். அப்படி வளர்ந்த காட்டை மட்டும் பார்த்துவிட்டு, ஊர் இருந்ததில்லை என்று சொல்கிறார்கள்.

2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். மன்னாரில் வாக்குள்ளவர்கள் புத்தளத்திலிருந்து பஸ்களில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தந்திரிமலையில் பாதையை மறித்து, கல்லெறிந்து, துப்பாக்கியாலும் சுட்டார்கள். எவரும் சாகவில்லை. பயணத்தைத் தொடர்ந்து வந்து வாக்குப் போட்டார்கள். இருபத்தொன்பது வருடமாகப் படுத்து எழும்பும் ஊரில் வாக்கை மாற்றிக்கொள்ளாமல், விடியமுன் பஸ் ஏறி வருகிறவர்களை எந்தப் பெயரால் அழைப்பது?

நான் மன்னாருக்கு இடமாற்றம் கேட்டு வந்தபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. உம்மா வரவில்லை. "நீ போ மகன், அது உண்ட வாப்பாட ஊர்தான். ஆனா எண்ட மூத்த பிள்ளைய அடக்கினது இங்க" என்றா. நான் வற்புறுத்தவில்லை. மாதம் இருமுறை போகிறேன். மனைவியின் தாய்வீடும் அங்கேதான், எங்கள் சின்ன மகள் பிறந்ததும் புத்தளம் ஆஸ்பத்திரியில். எங்கள் பாடசாலைச் சேர்வு இடாப்பில் பிறந்த இடம் புத்தளம், நிரந்தர வதிவிடம் மன்னார் என்று எழுதப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர். இதை முன்பு ஒரு குறையாக நினைத்தேன். இரண்டு கிணற்றில் தண்ணீர் குடித்த பிள்ளையிடம் எது உன் கிணறு என்று கேட்பது நாங்கள் பெரியவர்கள்தான், பிள்ளைகள் கேட்பதில்லை.

அன்று கரும்பலகையில் வெளியேற்றம் என்று எழுதிவிட்டு, வீட்டில் உள்ள மூத்தவரிடம் 1990இல் விட்டுவந்த பொருட்களைக் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். பின்வாங்குப் பையன் முதலில் கேட்டது, சோதனையில் எந்தச் சொல்லை எழுத வேண்டும் என்பதுதான். இரண்டையும் எழுது, முதலாவது உன் அட்டையில் உள்ளது, இரண்டாவது நடந்தது என்றேன். அப்படி எழுதினால் புள்ளி கிடைக்குமா என்று எனக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்த மாணவி தன் மூத்தம்மாவின் பட்டியலை வாசித்தாள். பதினான்கு கோழி, தையல் மெஷின் ஒன்று, இரண்டு மூட்டை நெல், ஹஜ்ஜுக்குச் சேர்த்த காசு, சுவரில் எழுதிவைத்த பிள்ளைகளின் பிறந்த திகதிகள், கிணற்றடியில் நட்டு முதல் பூ விட்டிருந்த மாதுளை. வாசித்து முடித்துக் கொப்பியை மூடியபோது முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "அந்த மாதுளை இப்ப நிக்குதா?"

"நிக்கல்ல" என்றாள் அவள். "கிணறு நிக்குது. நாங்க அதில இருந்துதான் தண்ணி அள்ளுறம்."